துடைத்தால் உதிரும் டயல் எழுத்து

கேள்வி: தாத்தாவின் வால்வு ரேடியோவைச் சீர்செய்து வருகிறேன். டயல் கண்ணாடியைத் துடைத்தபோது ஊர்ப் பெயர்கள் துணியோடு வந்துவிட்டன. திரும்ப எழுத முடியுமா?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: முதலில் துணியைக் கீழே வையுங்கள். அந்த எழுத்துகள் கண்ணாடியின் பின்பக்கத்தில் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் அச்சிடப்பட்டவை. டயல் பல்பின் சூட்டில் பல்லாண்டுகள் காய்ந்து பிடிப்பை இழந்திருக்கும். நானும் ஒருமுறை சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடைத்து, கொழும்பையும் டெல்லியையும் பஞ்சோடு எடுத்தவன்தான். முன்பக்கத்தை ஈரப் பஞ்சால் துடைக்கலாம். பின்பக்கத்தில் உலர்ந்த மெல்லிய தூரிகை போதும்.

மிச்சமிருப்பதை இன்றே 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். முன்பக்கம் கீழே இருக்கட்டும். மேலே கறுப்புக் காகிதம், பக்கத்தில் ஓர் அளவுகோல். எழுத்தின் வடிவத்தைவிட அது நிற்கும் இடம் முக்கியம். டயல் கோடுகள் சம இடைவெளியில் இருப்பது அரிது. நிலையம் மாற்றத் திருகும்போது சுழலும் கேங் கண்டென்சரின் தகட்டு வடிவத்துக்கேற்ப ஒரு பக்கம் நெருங்கும். ஆகவே கணினியில் சமமாகப் பிரித்துப் போட்டுவிடாதீர்கள். அழிந்த மீட்டர் எண்ணுக்கு, அதாவது அலைநீளத்துக்கு, ஒரு கணக்கு உண்டு: 3,00,000-ஐக் கிலோஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டர் வரும். பெங்களூரு வானொலியின் 612 கிலோஹெர்ட்ஸ், 490 மீட்டர். அந்த நிலையத்தைப் பிடித்து, முள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளலாம். முள்ளை இழுக்கும் நூல் வழுக்கியிருந்தால் முள்ளே பொய் சொல்லும். அழியாத எழுத்து ஒன்றோடு முதலில் ஒப்பிடுங்கள்.

பாதிக்கு மேல் எழுத்து தங்கியிருந்தால் விட்டுப்போனதை மட்டும் நிரப்புங்கள். முழுதாக மாற்றினால் பழைய ரேடியோ புதுக் கடைச் சாமான்போல் ஆகிவிடும். பெரும்பகுதி போயிருந்தால், அதே அளவில் புதுக் கண்ணாடி வெட்டி அதில் அச்சிடுங்கள்; பழையதை மாதிரிக்குப் பத்திரப்படுத்துங்கள்.

வீட்டு பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. அதனால் கல்யாணப் பத்திரிகையும் துணிப்பையும் அச்சிடும் ஸ்கிரீன் பிரிண்டிங் கடைக்குப் போங்கள். கண்ணாடியில் பிடிக்கும் எனாமல் மை கேளுங்கள். பின்பக்கத்தில் அச்சிடுவதால் எழுத்து இடவலம் மாறி இருக்க வேண்டும். இதை இரண்டு முறை சொல்லுங்கள், கடைக்காரர் நல்லெண்ணத்தில் நேராக்கிவிடுவார். வெள்ளையில் ஒரு துளி மஞ்சள் கலந்தால் பழைய எழுத்தின் நிறம் வரும்.

கண்ணாடியைத் திரும்ப மாட்டும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். 6.3 வோல்ட் பல்புக்குப் பதில் அதே வோல்ட்டில் எல்இடி போட்டால், புது எழுத்துக்குச் சூடு குறையும்.