சிலந்திச் செடிக்கு உப்புத் தண்ணீர் ஆகாது

கேள்வி: ஒன்றரை வருஷத்துக்கு முன் நர்சரியில் வாங்கிய ஸ்பைடர் பிளான்ட் (சிலந்திச் செடி), கிழக்குப் பார்த்த பால்கனியில் 10 அங்குலத் தொட்டியில் இருக்கிறது. இலை நுனியெல்லாம் பழுப்பாகிக் கருகுகிறது. தண்ணீர் போதவில்லையோ என்று தினமும் ஊற்றுகிறேன். வீணாகப் போகிறதே என்று ஆர்.ஓ. மெஷினில் கழிவாக வெளியேறும் தண்ணீரைத்தான் பிடித்து ஊற்றுகிறேன். வாரம் ஒருமுறை டீ போட்ட தூளும் ஒரு கைப்பிடி மண்புழு உரமும் போடுகிறேன். இத்தனை செய்தும், நீளத் தண்டில் தொங்குமே அந்தக் குட்டிச் செடி, ஒன்றுகூட விடவில்லை. பக்கத்து வீட்டு அக்கா தன் செடியிலிருந்து மூன்று குட்டி கொடுத்தார். பாட்டில் தண்ணீரில் போட்டு வைத்தேன். ஒன்று அழுகிவிட்டது. மற்ற இரண்டும் மூன்று மாதத்தில் நீளமாக வேர் விட்டன. மண்ணுக்கு மாற்றிய பத்தே நாளில் துவண்டு செத்துவிட்டன. எங்கே தப்பு? எங்கள் பூனை வேறு இதன் இலையைக் கடிக்கிறது, விஷமா?
– வாசகி, மேடவாக்கம்

பதில்: பூனையைப் பற்றிய பயம் வேண்டாம். சிலந்திச் செடி பூனைக்கும் நாய்க்கும் நஞ்சில்லாத செடிகளில் ஒன்று. நிறையத் தின்றால் வாந்தி எடுக்கும், அவ்வளவுதான். செடிக்குத்தான் சேதம், எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள்.

இனி நுனிக் கருகல். உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது: ஆர்.ஓ. கழிவுநீர், டீத்தூள். இரண்டும் நல்லெண்ணத்தில் செய்ததுதான், ஆனால் இந்தச் செடிக்கு இரண்டுமே ஆகாது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் போர் தண்ணீரில் கரைந்த உப்பு 900 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 900 மில்லிகிராம், என்று வைத்துக்கொள்வோம். 3 லிட்டர் உள்ளே போய் 1 லிட்டர் குடிநீராக வந்தால், அந்த 3 லிட்டரின் உப்பு கிட்டத்தட்ட முழுவதும் மிச்சமுள்ள 2 லிட்டரில் அடைபடுகிறது. ஆக, நீங்கள் பிடித்து ஊற்றும் தண்ணீர் ஏறக்குறைய 1,300 பிபிஎம். தரை துடைக்கலாம், கழிவறைக்கு ஊற்றலாம். தொட்டியில் ஊற்றினால் தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு மண்ணிலேயே தங்கும். வேர் உறிஞ்சும் நீரோடு உப்பும் இலைக்கு ஏறும். இலை வழியே நீர் வெளியேறும். உப்புக்கு வெளியேற வழி கிடையாது. இலையின் கடைசி முனையில் போய்ச் சேர்ந்து அங்குள்ள திசுவைக் கருக்கும். அதனால்தான் கருகல் நுனியில் தொடங்கி உள்ளே ஏறுகிறது. மண்ணின் மேலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

டீத்தூள் விஷயம் பலருக்குத் தெரியாது. தேயிலை, மண்ணிலுள்ள புளோரைடை இழுத்து இலையில் சேர்த்து வைக்கும் செடி. சிலந்திச் செடியோ புளோரைடைச் சிறிதும் தாங்காது. ரோஜாவுக்குப் போடுங்கள், இதற்கு வேண்டாம். சூப்பர் பாஸ்பேட் உரத்திலும், தொட்டி மண்ணில் கலக்கும் பெர்லைட் என்ற வெள்ளைத் துகளிலும்கூடப் புளோரைடு உண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரிலேயே புளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். அந்தப் பக்கத்து வாசகர்கள் போர் தண்ணீரை இந்தச் செடிக்குத் தொடவே வேண்டாம். தண்ணீரை ஒரு ராத்திரி திறந்து வைத்தால் சரியாகிவிடும் என்பார்கள். அப்படி வைத்தால் குளோரின் வாடை போகும். உப்பும் புளோரைடும் போகாது. கொதிக்க வைத்தால் நீர் சுண்டி இன்னும் கூடும்.

அப்படியானால் எதை ஊற்றுவது? மழைத்தண்ணீர் முதல் தரம். அடுத்தது, உங்கள் வீட்டு ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர். காற்றின் ஈரம் குளிர்ந்து விழும் நீர் என்பதால் உப்பு அநேகமாக இருக்காது. சீசன் தொடக்கத்தில் வரும் முதல் ஒரு வாளியை மட்டும் தூசிக்காகக் கொட்டிவிடுங்கள். ஏசி ஓடாத மாதங்களில் ஆர்.ஓ.வின் குடிநீரையே ஊற்றுங்கள். ஒரு தொட்டிக்கு ஒரு டம்ளர், ஒன்றரை டம்ளர்தானே.

அளவுக்கு வருவோம். தினமும் தண்ணீர் கேட்கும் செடி இல்லை இது. ஊர் ஆப்பிரிக்கா. மழை இல்லாத நாளைச் சமாளிக்க வேரிலேயே தண்ணீர் சேர்த்து வைத்துக்கொள்ளும். தொட்டியைக் கவிழ்த்துத் தட்டி வேர்க்கட்டியை வெளியே எடுத்துப் பாருங்கள். விரல் பருமனில், பிஞ்சு முள்ளங்கி மாதிரி வெள்ளை வேர்கள் திரண்டிருக்க வேண்டும். அழுத்தினால் கெட்டியாக இருந்தால் நல்ல வேர். பழுப்பாகி, பிடித்து இழுத்ததும் தோல் மட்டும் உறைபோலக் கழன்று உள்ளே நார் தெரிந்தால் அழுகிவிட்டது. முகர்ந்தால் சாக்கடை வாடை வரும். தினமும் ஊற்றியதால் உங்கள் தொட்டியில் கொஞ்சமாவது இப்படி இருக்கும். 10 அங்குலத் தொட்டியும் பெரிது. வேர் எட்டாத மண் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும்.

ஆகவே தொட்டியை மாற்றுங்கள். 6 அல்லது 7 அங்குலம் போதும். மண் தொட்டியானால் இன்னும் நல்லது, பக்கவாட்டிலும் காயும். பழைய மண்ணை உதறி, வேரை நல்ல தண்ணீரில் அலசி, அழுகியதைக் கத்தரியால் நறுக்கி எடுங்கள். நல்ல கிழங்கு வேரில் மூன்றில் ஒரு பங்கு வெட்டுப்பட்டாலும் செடி பிழைத்துக்கொள்ளும். அரை நாள் நிழலில் உலரட்டும். கலவைக்கு, செம்மண் 2 குவளை, தேங்காய் நார்க்கழிவு 1, கழுவிய ஆற்று மணல் அல்லது உமிக்கரி 1, மண்புழு உரம் அரைக் குவளை. நார்க்கழிவுக் கட்டியிலும் உப்பு உண்டு. ஊற வைத்து, பிழிந்து, தண்ணீரைக் கொட்டி, மறுபடி ஊற வைத்து, மூன்று முறை கழுவிய பிறகே சேர்க்க வேண்டும். வாங்கி வந்து அப்படியே கொட்டுவதால் புதுத் தொட்டியிலேயே நுனி கருகுகிறவர்கள் நிறையப் பேர். அடித்துளையின் மேல் ஒரு துண்டு தேங்காய் நார் போதும்; ஜல்லி அடுக்கத் தேவையில்லை. இலைகள் கிளம்பும் குருத்துப் பகுதி மண்ணுக்குள் புதையக் கூடாது. விளிம்புக்கு ஓர் அங்குலம் கீழே மண் நிற்கட்டும், இந்த வேர் பருத்துச் செடியை மேலே தள்ளும்.

இனி விரலை ஓர் அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்; ஊற்றினால் அடியில் வடியும்வரை ஊற்றுங்கள். சித்திரை வெயிலில் இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை தேவைப்படும். ஐப்பசி மழையில் வாரம் ஒன்றுகூட அதிகம். தொட்டியைத் தூக்கிப் பார்த்துக் கனத்தை மனதில் வைத்துக்கொண்டால் விரல்கூட வேண்டாம். தட்டில் தேங்கிய நீரைக் கொட்டிவிடுங்கள்.

வேர் நன்றாக இருந்து, மண்ணில் உப்பு மட்டும் பூத்திருக்கும் வாசகர்கள் தொட்டி மாற்ற வேண்டியதில்லை. மேல் அரை அங்குல மண்ணைச் சுரண்டிப் போட்டுவிட்டு, 6 அங்குலத் தொட்டிக்கு 5 லிட்டர் நல்ல தண்ணீரை அரை மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி வடியவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும்.

கருகிய நுனி மறுபடி பச்சையாகாது. உறுத்தினால், இலையின் கூர்முனை வடிவத்திலேயே சாய்வாக வெட்டுங்கள். பழுப்பில் ஒரு நூலிழை மிச்சம் வைத்து வெட்ட வேண்டும். பச்சையில் கத்தரி பட்டால் அந்தப் புண்ணே புதிய பழுப்பாகும். குணமாகிறதா என்பதை நடுக்குருத்தில் புதிதாக வரும் இலைதான் சொல்லும், இரண்டு மாதம் பொறுங்கள். நுனி அல்லாமல் இலை நடுவில் வெளுத்துக் காய்ந்த திட்டு இருந்தால் அது வெயில் சுட்டது. உங்கள் கிழக்குப் பால்கனிக்கு அந்தக் கவலை இல்லை. மேற்கு வெயில்தான் சுடும்.

குட்டி ஏன் விடவில்லை? வாரா வாரம் மண்புழு உரம் போட்டால் செடி இலையாகத்தான் தள்ளும். பெரிய தொட்டியும் ஒரு காரணம். வேர் தொட்டியை ஓரளவு நிரப்பிய பிறகே பெரும்பாலும் தண்டு நீளும். மூன்றாவது காரணம் யாரும் கவனிக்காதது: ராத்திரி வெளிச்சம். பகல் பொழுது 12 மணி நேரத்துக்குக் குறையும்போது இந்தச் செடிக்குக் குட்டித் தண்டு விடும் உந்துதல் கூடும். நம் ஊரில் அது புரட்டாசி நடுவிலிருந்து மாசி முடிய. அந்த மாதங்களில் பால்கனி டியூப்லைட் ராத்திரி பதினொன்று வரை எரிந்தால் செடிக்கு அது நீண்ட பகல். ஒன்று விளக்கை அணையுங்கள், இல்லை செடியை இருட்டும் மூலைக்கு நகர்த்துங்கள். உரம், தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள, நீரில் கரையும் 19:19:19 ஒரு லிட்டருக்கு 1 கிராம், மாதம் ஒருமுறை. தொட்டி மாற்றிய முதல் ஆறு வாரம் அதுவும் வேண்டாம்.

தண்டு கிளம்பினால் களை என்று கிள்ளிவிடாதீர்கள். முதலில் ஆறு இதழில் சின்னச் சின்ன வெள்ளைப் பூ வரும், பிறகு அதே கணுக்களில் குட்டி. ஓரம் வெள்ளையாக உள்ள வகைக்குத் தண்டு பச்சை. நடுவில் வெள்ளைக் கோடு ஓடும் வகைக்குத் தண்டும் வெளுப்பு. பூ காயாகிக் கறுப்பு விதை தந்தாலும் அதை நம்ப வேண்டாம், விதைச்செடி பெரும்பாலும் முழுப் பச்சையாகத்தான் வரும். வெள்ளைக் கோடு வேண்டுமானால் குட்டி, அல்லது தாயைப் பிரித்து நடுவது. இலையை மட்டும் கிள்ளி நீரில் வைத்தால் அழுகும், வேர் விடாது.

பக்கத்து வீட்டு அக்காவிடம் இன்னும் குட்டி இருந்தால் கேட்டு வாங்குங்கள். குட்டியைத் திருப்பி அடியைப் பாருங்கள்: அரிசி மணி அளவில் வெள்ளை முளைகள் நாலைந்து துருத்திக்கொண்டிருக்கும், அவைதான் வருங்கால வேர். முளையும் ஐந்தாறு இலையும் இல்லாத குட்டியை வெட்ட வேண்டாம். அழுகிய உங்கள் முதல் குட்டி, இலையடி நீரில் மூழ்கியதால் போயிருக்கும். வேர் முளை மட்டுமே நீரைத் தொட வேண்டும். பாட்டில் வாயில் அட்டை வைத்துத் துளையிட்டு, அதில் குட்டியை உட்கார வைத்தால் கீழே இறங்காது. நீரை மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். தேங்கிய நல்ல தண்ணீரில்தான் டெங்கு கொசு முட்டையிடும்.

மற்ற இரண்டும் செத்தது, நீரில் மூன்று மாதம் விட்டதால். நீரில் வளரும் வேர் மெல்லியது, சட்டென்று முறியும், மண்துகளைக் கவ்வி உறிஞ்சும் மயிர்வேர் அதில் குறைவு. வேர் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் வந்ததுமே மண்ணுக்கு மாற்ற வேண்டும். இரண்டு, மூன்று வாரத்தில் அந்த நீளம் வந்துவிடும். மாற்றிய முதல் பத்து நாள் மண் ஈரம் காயவே கூடாது, வெயிலும் படக் கூடாது. பிறகு மெல்ல இடைவெளியைக் கூட்டுங்கள். வளர்ந்த செடிக்குச் சொன்ன ‘காய்ந்த பின் ஊற்று’ இந்தப் பத்து நாளுக்குப் பொருந்தாது.

எங்களைக் கேட்டால் பாட்டிலே வேண்டாம். குட்டியைத் தாயோடு இருக்கும்போதே நட்டுவிடலாம். தாய்த் தொட்டி பக்கத்தில் ஒரு 3 அங்குலத் தொட்டியில், அல்லது அடியில் துளையிட்ட தயிர் டப்பாவில், அதே கலவையை நிரப்பி நனைத்து, தொங்கும் குட்டியை அதன்மேல் உட்கார வைத்து, தண்டின்மேல் ஒரு கொண்டை ஊசியைக் குத்தி நிறுத்துங்கள். தொப்புள்கொடி மாதிரி தண்டு வழியே தாய் ஊட்டிக்கொண்டே இருக்கும், குட்டி வாடாது. மூன்று வாரம் கழித்து லேசாக இழுத்துப் பாருங்கள். மண் பிடித்திருந்தால் தண்டை வெட்டலாம். அக்கா வீட்டுச் செடியிலேயே டப்பாவை வைத்துவிட்டு வந்தால்கூட ஆயிற்று.

பூச்சி அதிகம் வராது. இலை இடுக்கில் பஞ்சு மாதிரி ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டு, வேப்பெண்ணெய் 5 மில்லியும் திரவ சோப்பு 1 மில்லியும் ஒரு லிட்டர் நீரில் கலக்கி மாலையில் தெளியுங்கள். பூனை நக்கும் இலை என்பதால் மறுநாள் காலை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

‘காற்றைச் சுத்தமாக்கும்’ என்று நர்சரி அட்டையில் எழுதியிருந்திருக்கும். 1989இல் நாசா வெளியிட்ட ஆய்வு, மூடிய சிறு பெட்டிக்குள் செய்தது. ஜன்னல் திறந்து கிடக்கும் வீட்டில் நாலு தொட்டியால் அது நடக்காது. அழகுக்காக வளருங்கள்.

இப்போதைக்குத் தொட்டியையும் தண்ணீரையும் மாற்றுங்கள். குட்டித் தண்டை ஐப்பசிக்கு மேல் எதிர்பாருங்கள். அது வரும்போது மூன்றடி வரைகூடத் தொங்கும், அதற்குத் தோதாகக் கொக்கியை இப்போதே உயரத்தில் அடித்து வைத்தால் பூனைக்கும் எட்டாது.