அம்மா கேட்டது ஒரே ஓர் இடம்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். அப்பாவின் இதய சிகிச்சைக்காக நான்கு முறை சென்னை போய் வந்திருக்கிறோம். நான்கு முறையும் எழும்பூரில் இறங்கி, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய், வந்த வழியே திரும்பியதுதான். இப்போது அப்பா நன்றாக இருக்கிறார். கடலுக்குப் போவதை விட்டுவிட்டார். வேலைக்குச் சேர்ந்த பிறகு முதல் முறையாக எனக்கு மூன்று நாள் லீவு கிடைக்கிறது. இருவருக்கும் சென்னையைச் சுற்றிக் காட்ட ஆசை. மெரினா, வண்டலூர், மாமல்லபுரம், மியூசியம், தி.நகர், சாந்தோம், பாம்புப் பண்ணை, இரண்டு மால் என்று பதினான்கு இடம் எழுதி வைத்திருக்கிறேன். தம்பியும் வர வசதியாக மே மாதம், மீன்பிடித் தடைக்காலத்தில் போகலாமா? எதை முதலில் பார்ப்பது? அம்மாவைக் கேட்டால், "தோமையார் கல்லறையைப் பார்த்தாப் போதும்" என்கிறார்.

தங்கள் வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடைசி வரியிலேயே பதில் இருக்கிறது. அம்மா ஓர் இடம் கேட்டிருக்கிறார். பயணத்தை அதைச் சுற்றி வையுங்கள். மற்ற பதின்மூன்றில் பாதிக்கு மேல் தயங்காமல் அடித்துவிடலாம்.

நம் கரையில் பலருக்கு சென்னை என்றால் ஆஸ்பத்திரி, பாஸ்போர்ட், விமானம், கோர்ட்டு. வேடிக்கை பார்க்க மட்டும் அந்த ஊருக்குப் போனவர்கள் குறைவு. அதனால் ஒரு தடவை போனால் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற தவிப்பு வந்துவிடுகிறது. எனக்கும் வந்தது. பல வருடத்துக்கு முன் என் அம்மாவை அழைத்துப்போனேன். இரண்டு நாளில் ஒன்பது இடம், வாடகைக் கார். இரண்டாம் நாள் உச்சி வெயிலில் மாமல்லபுரத்தில் அம்மா காரை விட்டு இறங்கவில்லை. "நீ பாத்துட்டு வாப்பா, நான் இங்கன இருக்கேன்" என்றார். அன்று சாயங்காலம் மெரினா பக்கம் டயர் பஞ்சராகி, வேறு வழியில்லாமல் அரை மணி நேரம் மணலில் உட்கார்ந்தோம். தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா அலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுவும் நம்ம கடல்தானே, ஏன் இப்படி இரையுது?" என்று கேட்டார். ஊர் திரும்பி அவர் எல்லோரிடமும் சொன்னது அந்த அரை மணி நேரத்தைத்தான். மற்ற எட்டு இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அம்மா இப்போது இல்லை. அந்த இரண்டு நாளையும் அந்த மணலிலேயே கழித்திருக்கலாமே என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

தூரத்தையும் பாருங்கள். எழும்பூரிலிருந்து மாமல்லபுரம் போவது, ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் வருகிற அளவு தூரம், அதுவும் சென்னை டிராஃபிக்கில். வண்டலூர் வேறொரு மூலை. இந்த இரண்டையும் இந்தத் தடவை விடுங்கள். மால் ராமநாதபுரம் பக்கமே ஒருநாள் வரும். பாம்புப் பண்ணை தம்பிக்குப் பிறக்கப்போகிற பிள்ளைகளுக்கு இருக்கட்டும்.

இப்போது தோமையார் கல்லறை இருக்கிற சாந்தோமை நடுவில் வைத்துப் பாருங்கள். கோயிலிலிருந்து கடற்கரையோரமாக வடக்கே வந்தால் லூப் ரோடு, நொச்சிக்குப்பம். அதைத் தாண்டினால் கலங்கரை விளக்கம். இன்னும் கொஞ்சம் போனால் விவேகானந்தர் இல்லம். எல்லாம் மூன்று கிலோமீட்டருக்குள். ஒரு நாள் முழுக்க அவசரமில்லாமல் இதற்கே வைக்கலாம்.

காலையில் சாந்தோம். இப்போது நிற்கிற வெள்ளைக் கோயில் 1890களில் வெள்ளைக்காரர் காலத்தில் எழுப்பியது. கல்லறை கீழே, தனிச் சிற்றாலயமாக இருக்கிறது. அங்கே ஜெபத்தில் இருக்கும் அம்மாவை எழுப்பாதீர்கள். அவர் எழுந்திருக்கும்போது எழுந்திருக்கட்டும்.

அப்பாவை நொச்சிக்குப்பம் பக்கம் விடுங்கள். இதை அனுபவத்தில் சொல்கிறேன். என் மாமாவும் ஆயுள் முழுக்க வள்ளத்தில் போனவர். சென்னையில் எதைக் காட்டினாலும் "ம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார். நொச்சிக்குப்பத்தில் ஃபைபர் படகின் நிழலில் ஒருவர் வலையின் கிழிசலைக் கட்டிக்கொண்டிருந்தார். மாமா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். அப்புறம் எதிரே குந்தினார். எந்த ஊர் என்று அவர் கேட்க, பாம்பன் என்று இவர் சொல்ல, வலையின் மறுபக்கம் இவர் கைக்கு வந்துவிட்டது. ஊசியில் நூல் சுற்றி, கண்ணுக்குக் கண் விரலால் அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டே காற்றைப் பற்றியும் டீசல் விலையைப் பற்றியும் ஒரு மணி நேரம் பேசினார்கள். அந்தப் பயணத்தில் மாமா வாய்விட்டுச் சிரித்தது அங்கேதான்.

விவேகானந்தர் இல்லத்தை நம் தீவுக்காரர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். சிகாகோவுக்குப் போய்வந்த சுவாமி, இலங்கையிலிருந்து 1897 ஜனவரி 26 அன்று பாம்பனில் இறங்கினார். ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி எதிர்கொண்டு வரவேற்றார். பாம்பன் பக்கம் குந்துகாலில் நினைவிடம் இருக்கிறதே, அதற்காகத்தான். அங்கிருந்து சென்னை வந்து ஒன்பது நாள் தங்கியது இந்த வீட்டில். அதற்கு முன்னால் இது அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்த ஐஸ் ஹவுஸ். மீனுக்கு ஐஸ் போட்டே பழகிய அப்பாவுக்கு இந்தக் கதை பிடிக்கும்.

இல்லத்துக்கு எதிரே மணலில் அலை வரைக்கும் மரப்பாதை ஒன்று இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்காக 2022இல் போட்டது. மெரினாவின் மணல் அகலம். இதய சிகிச்சை ஆனவர் அதில் கால் புதைய நடக்க வேண்டாம், இந்தப் பாதையில் அழைத்துப்போங்கள். ஆனால் தண்ணீரில் இறங்கக் கூடாது. நம் வடகடல், அதாவது பாக் விரிகுடா, ஆழம் குறைந்தது, பெரும்பாலான நாள் குளம்போலக் கிடக்கும். மெரினாவில் சில அடியிலேயே ஆழம் விழும், திரும்பும் அலை காலை வாரும். நீச்சல் தெரியும் என்கிற தம்பிக்குத்தான் இதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

மற்ற இரண்டு நாளும் லேசாக இருக்கட்டும். இறங்கிய அன்று பத்து மணிவரை படுத்து எழுந்து எழும்பூர் மியூசியம். ஸ்டேஷனுக்குப் பக்கம்தான். முழுவதையும் சுற்றாமல் வெண்கலச் சிலைகள், அமராவதிச் சிற்பங்கள், திமிங்கில எலும்புக்கூடு, இவை போதும். வெள்ளிக்கிழமை விடுமுறை. மூன்றாம் நாள் அம்மாவோடு தி.நகரில் ஒரு புடவை, எழும்பூரிலிருந்து சென்ட்ரல்வரை ஆசைக்கு ஒரு மெட்ரோ பயணம், சாயங்காலம் ரயில். முகப்பில் இளஞ்சிவப்பு அடித்த சாதாரண மாநகரப் பேருந்தில் உங்களுக்கும் அம்மாவுக்கும் டிக்கெட்டுக்குக் காசு இல்லை. தினமும் மதியம் சாப்பிட்டதும் இரண்டு மணி நேரம் அறையில் படுங்கள்.

மே மாதம் வேண்டாம். தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். தம்பிக்கு ஓய்வுதான், ஆனால் வீட்டில் காசு புழங்காத நேரம். கத்திரி வெயிலில் அப்பாவை ரோட்டில் நடக்கவிட முடியாது. தை, மாசி நல்லது. மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. கச்சத்தீவு திருவிழா வாரத்தை மட்டும் தவிர்த்துவிட்டு நாளைக் குறியுங்கள். ஞாயிறு மாலை மெரினாவில் கூட்டம் தாங்காது, வார நாளாக இருக்கட்டும்.

லாட்ஜுக்குப் போன் செய்யும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: விடியற்காலையில் வந்தால் அறை தருவார்களா, லிப்ட் இருக்கிறதா, உட்காரும் கழிப்பறையா. மூன்றாவதைக் கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள். முழங்கால் வலிக்கிறவர்களுக்கு அதுதான் முக்கியம்.

பேருந்தில் போனால் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடுவார்கள், ஊருக்குள் வரவே நேரமாகும். ராமேஸ்வரத்திலிருந்து இரவு ரயில்தான் வசதி. அது எழும்பூர்வரை போகிறதா, தாம்பரத்தோடு நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சேர்த்து ஒரு டிக்கெட், உங்களுக்கும் தம்பிக்கும் தனியாக ஒன்று எடுங்கள். 60 வயது தாண்டிய ஆண்களுக்கும் 45 தாண்டிய பெண்களுக்கும் கீழ் படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது, ஆனால் ஒரு டிக்கெட்டில் இரண்டு பேருக்கு மேல் போனால் அது பொருந்தாது. நால்வரையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் அப்பாவுக்கு மேல் படுக்கை விழுந்துவிடலாம்.

அன்புடன்,
அண்ணன்