சிங்கப்பூரில் ஒரு மாதம்: கைச்செலவுப் பணத்தை எப்படி எடுத்துப் போவது?

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் வசிக்கிறேன். அரசுப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மகளும் மாப்பிள்ளையும் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார்கள். பேத்தியைப் பார்க்க நானும் மனைவியும் ஒரு மாதம் போகிறோம். நடுவில் ஐந்து நாள் மலேசியா. மாப்பிள்ளை தலையில் செலவை வைக்க மனமில்லாததால் கைச்செலவுக்கு இரண்டு லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். அமெரிக்க டாலராக வாங்கிக்கொண்டு போங்கள் என்கிறார் ஒரு நண்பர். வங்கியில், முன்கூட்டிப் பணம் ஏற்றிக்கொள்ளும் பயண அட்டை எடுக்கச் சொல்கிறார்கள். இங்கே ரூபாயாகக் கொடுத்துவிட்டால் அங்கே தன்னுடைய ஆள் வெள்ளியாக (சிங்கப்பூர் டாலராக) கொடுத்துவிடுவார், விலையும் மலிவு என்கிறார் ஊரில் ஒருவர். போனில் யுபிஐ இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்கிறான் மகன். எதைச் செய்வது?

பதில்: ஐயா, ஊர்க்காரர் சொன்ன வழியை முதலில் மனத்திலிருந்தே எடுத்துவிடுங்கள். மற்ற மூன்றிலும் தவறு நேர்ந்தால் சில ஆயிரம் ரூபாய்தான் போகும். இதில் போவது அதைவிடப் பெரிது.

நம் பக்கத்தில் இது புதிதல்ல. கடையநல்லூர், தென்காசி ஆட்கள் சிங்கப்பூரில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941-லேயே தொடங்கப்பட்டது என்றால் அந்த உறவின் வயதைப் பார்த்துக்கொள்ளுங்கள். வங்கி வசதி குறைவாக இருந்த காலத்தில் ஊருக்குப் பணம் வர, வங்கி வழியில்லாமல் ஆட்கள் மூலம் கைமாற்றும் இந்த உண்டியல் முறை உதவியது உண்மை. வாக்கு நாணயத்தில் நடந்த தொழில் அது. இன்று அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், 1999 இதை அனுமதிப்பதில்லை. மீறினால் சம்பந்தப்பட்ட தொகையைப் போல் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அதைவிடவும் எனக்குக் கவலை தருவது வேறு. அங்கே உங்கள் கையில் தரப்படும் வெள்ளி யாருடைய பணம், எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்குத் தெரியாது. ரசீது கிடையாது. கொடுக்க வேண்டியவர் வராவிட்டால் புகார் செய்ய இடம் கிடையாது. ஆயுள் முழுவதும் கணக்கைச் சுத்தமாக வைத்திருந்த ஓர் ஓய்வூதியர், வெள்ளிக்கு ஒரு ரூபாய் மிச்சம் என்பதற்காக இதில் கால் வைக்கக் கூடாது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பணம் மாற்றும்போது நாம் கொடுக்கும் செலவு பெரும்பாலும் ரசீதில் தெரியாது. 'கமிஷன் இல்லை' என்று பலகை வைத்திருப்பார்கள். கமிஷன் இல்லாமலிருக்கலாம், ஆனால் வெள்ளியின் விலையிலேயே லாபம் சேர்ந்திருக்கும். கிலோ விலையைக் குறைத்துச் சொல்லிவிட்டுத் தராசில் பிடித்துக்கொள்கிற காய்கறிக் கடை போலத்தான் இதுவும். ஆகவே எந்தக் கவுன்டரிலும் ஒரே கேள்வி போதும்: 'வரி, கட்டணம் எல்லாம் சேர்த்து 500 வெள்ளிக்கு நான் எத்தனை ரூபாய் தர வேண்டும்?' வருகிற தொகையை 500-ஆல் வகுத்து, கூகுளில் அந்த நேரத்தில் காட்டும் விலையோடு வைத்துப் பாருங்கள். இடையில் இருப்பதுதான் நீங்கள் கொடுக்கும் உண்மையான கூலி.

டாலர் யோசனை இந்தக் கணக்கிலேயே அடிபட்டுப் போகும். ரூபாயிலிருந்து டாலருக்கு ஒரு முறை, டாலரிலிருந்து வெள்ளிக்கு இன்னொரு முறை என்று இரண்டு இடத்தில் கூலி கொடுக்க நேரும். போகிற நாட்டின் பணம் இங்கே கிடைக்காதபோது டாலர் வாங்குவது சரி. சிங்கப்பூர் வெள்ளி இங்கேயே கிடைக்கும். வேண்டிய தொகையை நாலைந்து நாள் முன்பே சொல்லி வையுங்கள்.

உங்கள் செலவில் பெரும்பகுதி அட்டையில்தான் போக வேண்டும் என்பது என் கருத்து. எந்த அட்டை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சாதாரண டெபிட், கிரெடிட் கார்டுகள் பலவற்றில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் மார்க்கப், அதாவது மாற்று விலைக்கு மேல் கூடுதல் கட்டணம், போடுகிறார்கள். அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக மொத்தம் 4.13 சதவீதம். நீங்கள் 1,60,000 ரூபாயை அட்டையில் செலவழித்தால் 6,608 ரூபாய் இதற்கே போய்விடும். மார்க்கப் 2 சதவீதமாக உள்ள அட்டையானால் 3,776 ரூபாய். மார்க்கப் இல்லாத அட்டையானால் ஒன்றுமில்லை. விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்களின் அன்றைய விலையிலேயே கணக்கு முடியும். அந்த விலை பொதுவாகச் சந்தை விலையை ஒட்டியே இருக்கும்.

மார்க்கப் இல்லாத அட்டைகளைச் சில வங்கிகள் தருகின்றன. ஓய்வு பெற்றவருக்கு யார் கிரெடிட் கார்டு தருவார்கள் என்று நினைக்க வேண்டாம். வைப்புத்தொகையை ஈடாக வைத்துக்கொண்டு தரும் கார்டுகளும் உண்டு, அவற்றில் சம்பளச் சான்று கேட்பதில்லை. உங்கள் வைப்புக்கு வட்டியும் வழக்கம்போல் வந்துகொண்டிருக்கும். ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, மார்க்கப் உண்மையிலேயே பூஜ்யமா என்று வங்கியின் கட்டண அட்டவணையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். விற்பனை ஊழியர் வாயால் சொல்வது போதாது. இரண்டு நிபந்தனை மட்டும்: மாதப் பில்லைக் கெடுவுக்குள் முழுதாகக் கட்டிவிட வேண்டும். கிரெடிட் கார்டைப் போட்டு ஏடிஎம்மில் பணம் எடுக்கவே கூடாது. எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், தனிக் கட்டணமும் விழும்.

நல்ல அட்டையை வைத்துக்கொண்டும் ஏமாறும் இடம் ஒன்றிருக்கிறது. அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் முதல் நாளே உங்கள் முன் வந்து நிற்கும். கடையில் 120 வெள்ளிக்குப் பொருள் வாங்குகிறீர்கள். அட்டையை இயந்திரத்தில் வைத்ததும் அது இந்திய அட்டை என்று கண்டுகொள்ளும். சிறு திரையில் இரண்டு வரிகள் தோன்றும். ஒன்றில் 120 வெள்ளி. இன்னொன்றில் அதற்கீடான ரூபாய். எது வேண்டும் என்று கேட்கும், அல்லது விற்பனையாளர் 'ரூபாயிலேயே போடட்டுமா?' என்று அன்போடு கேட்பார். நம் பணத்தில் தெரிகிறதே என்று மனம் ரூபாய்ப் பக்கம்தான் போகும். ஒரு வெள்ளி 70 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நியாயமான தொகை 8,400. திரை 8,880 என்று காட்டலாம். அதாவது வெள்ளிக்கு 74 ரூபாய். அந்த 480 ரூபாய், கடைக்காரருடைய வங்கிக்கும் இடையில் இருப்பவர்களுக்கும் போகிறது. ரூபாயில் முடிந்ததுதானே, இனி ஒன்றுமில்லை என்றும் இருக்க முடியாது. வெளிநாட்டுக் கடையில் ரூபாயில் நடந்த பரிவர்த்தனைக்கும் நம் வங்கிகள் சில தனிக் கட்டணம் போடுகின்றன. ஆகவே எங்கே கேட்டாலும் 'வெள்ளியில் போடுங்கள்' என்று சொல்லுங்கள். துண்டுச்சீட்டில் ரூபாய் என்று வந்திருந்தால் அங்கேயே ரத்து செய்து மறுபடி போடச் சொல்லுங்கள். ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும். 'இந்த மாற்று விலையை ஏற்கிறீர்களா?' என்று கேட்டால் மறுப்பு பொத்தானை அழுத்துங்கள். பணம் வராது என்று பயப்பட வேண்டாம். வரும், உங்கள் வங்கியின் விலையில் கணக்கிட்டு வரும்.

வங்கியில் சொல்லும் பயண அட்டை மோசமானதல்ல. வெள்ளியாகவே ஏற்றிக்கொண்டால் பிறகு விலை ஏறினாலும் உங்களைத் தொடாது. தொலைந்தாலும் உங்கள் சேமிப்புக் கணக்கு பத்திரமாக இருக்கும். செலவு, ஏற்றும் அன்று சொல்லும் விலையில் ஒளிந்திருக்கிறது. கூகுள் 70 என்று காட்டும்போது வங்கி 71.50 என்று போட்டால், ஒரு லட்சத்துக்கு ஏறக்குறைய 30 வெள்ளி குறைவாகக் கிடைக்கும். அதோடு அட்டைக் கட்டணம், மீண்டும் ஏற்றினால் அதற்கொரு கட்டணம், மிஞ்சியதைத் திரும்ப ரூபாயாக்கும்போது அவர்களுடைய குறைந்த விலை. வெள்ளி ஏற்றிய அட்டையை மலேசியாவில் நீட்டினால் ரிங்கிட்டுக்கு மாற்றும் கட்டணம் தனி. மார்க்கப் இல்லாத கார்டு கிடைக்காவிட்டால் மட்டும் இதை எடுங்கள். இரண்டு லட்சத்தையும் ஏற்றிவிடாமல் தேவையானதை மட்டும் ஏற்றுங்கள்.

ரொக்கமாக 40,000 ரூபாய்க்கு வெள்ளி போதும். சிங்கப்பூரின் தேக்கா சந்தையிலும் உணவங்காடிகளிலும் ரொக்கம் கையிலிருப்பது வசதி. ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற பணமாற்றுக் கடையில் அல்லது வங்கியில் மட்டும் வாங்குங்கள். உரிமத்தைச் சுவரில் மாட்டியிருப்பார்கள். பாஸ்போர்ட், பான் அட்டை, பயண டிக்கெட் கேட்பார்கள். 50,000 ரூபாய் வரை ரொக்கம் கொடுத்து வாங்கலாம், அதற்கு மேல் வங்கிக் கணக்கு வழியாகத்தான் செலுத்த வேண்டும். பணமாற்றுக்கான ஜிஎஸ்டி ஒரு லட்சம் ரூபாய் வரை 0.18 சதவீதம்தான், குறைந்தது 45 ரூபாய். உங்கள் 40,000-க்கு 72 ரூபாய். யாராவது முழுத் தொகைக்கும் 18 சதவீதம் என்று கணக்குப் போட்டால் அங்கிருந்து எழுந்துவிடுங்கள். நெல்லையில் இரண்டு மூன்று இடத்தில் விலை கேட்டுவிட்டு வாங்குங்கள். மதுரையோ திருவனந்தபுரமோ, விமான நிலையத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். அவசரத்தில் நிற்பவருக்கு யாரும் நல்ல விலை தருவதில்லை. இந்திய ரூபாய் நோட்டுகளாக ஆளுக்கு 25,000 வரை உடன் கொண்டு போகச் சட்டம் அனுமதிக்கிறது. திரும்பி வந்து ஊருக்கு வர வண்டிச் செலவுக்கு அதில் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

பஸ், ரயிலுக்கு வங்கி அட்டையையே தட்டிவிட்டு ஏறலாம். ஆனால் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு நாளும் சிறு கட்டணம் சேர்க்கிறார்கள். ஒரு மாதம் தங்குபவர்கள் ஆளுக்கொரு ஈஸி-லிங்க் அட்டை (பணம் ஏற்றிக்கொள்ளும் அந்த ஊர்ப் பயணச்சீட்டு அட்டை) வாங்கிவிடுவதே மேல்.

மகன் சொன்ன யுபிஐ பாதி உண்மை. யுபிஐயையும் சிங்கப்பூரில் உடனடியாகப் பணம் அனுப்பும் முறையான பேநவ்வையும் 2023 பிப்ரவரி 21 அன்று இணைத்தார்கள். அது ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்கு அனுப்புவதற்கு. நாளொன்றுக்கு 60,000 ரூபாய் வரம்பு, பங்கேற்கும் வங்கிகளில் மட்டும். உணவங்காடியில் ஒட்டியிருக்கும் எல்லா கியூஆர் சின்னத்திலும் நம் யுபிஐ வேலை செய்யும் என்று நம்பிப் போகாதீர்கள். ஆனால் இதில் உங்களுக்கு ஒரு பயன் இருக்கிறது. கையில் வெள்ளி தீர்ந்துபோனால் மகள் கணக்குக்குச் சட்டப்படி நேராக அனுப்பிவிட்டு, அவளிடம் ரொக்கமாக வாங்கிக்கொள்ளலாம். அனுப்புமுன் செயலி காட்டும் விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகளைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. மாப்பிள்ளை வீட்டில் கைநீட்டக் கூடாது என்பது நம் பக்கத்துத் தகப்பன்மார் எல்லோருக்கும் உள்ள எண்ணம், அதை நான் மதிக்கிறேன். ஆனால் பணக் கணக்காக மட்டும் பார்த்தால், அங்கே சம்பாதித்த வெள்ளியை அங்கேயே செலவழிப்பதற்கு மாற்றுக் கூலி ஒரு காசு கிடையாது. வீட்டுச் சாமானும் வெளியே சாப்பிடுவதும் மகள் பொறுப்பில் இருக்கட்டும். பேத்திக்குச் செய்வது, கோயில், வேடிக்கை பார்ப்பது, ஊருக்கு வாங்கி வருவது உங்கள் பொறுப்பில் இருக்கட்டும். மகளுக்குச் செய்ய வேண்டும் என்ற மனம் இருந்தால், இந்தியாவில் அவளுடைய என்ஆர்ஓ கணக்கில் (வெளிநாட்டில் வசிப்பவர்கள் இங்கே வைத்திருக்கும் ரூபாய்க் கணக்கு) ரூபாயாகவே அன்பளிப்புச் செலுத்தச் சட்டம் அனுமதிக்கிறது. அது பெற்றவர் கொடுக்கும் சீராக இருக்கட்டும், அங்கே செய்த செலவுக்கு ஈடுகட்டும் கணக்காக வேண்டாம்.

வரி பற்றிப் பயப்பட வேண்டியதில்லை. வெளிநாட்டுப் பணத்துக்கு முன்கூட்டிப் பிடிக்கும் வரியான டிசிஎஸ், 2025 ஏப்ரல் முதல் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான். மலேசியாவுக்கு இங்குள்ள ஏஜென்டிடம் சுற்றுலாத் தொகுப்பாக வாங்கினால் மட்டும் முதல் ரூபாயிலிருந்தே பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதை ஈடுசெய்துகொள்ளலாம். நீங்களே பஸ்ஸும் விடுதியும் பதிவு செய்துகொண்டால் அந்த வேலையும் மிச்சம். ரிங்கிட்டை இங்கிருந்து வாங்க வேண்டாம். அட்டை போகாத இடத்துக்கு வேண்டியதை மட்டும் சிங்கப்பூரிலேயே வெள்ளி கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். இரு நாட்டுக்கும் நாள்தோறும் ஆட்கள் போய்வருவதால் அங்கே விலை வித்தியாசம் குறைவு.

கிளம்பும் முன் செய்ய வேண்டியது ஒன்று. 2020 முதல், புதிதாக வாங்கும் அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைத்துத்தான் வரும். வங்கிச் செயலியில் நீங்களே இயக்கி, வரம்பும் வைக்க வேண்டும். ரூபே உள்நாட்டு அட்டையானால் அங்கே செல்லாது. ஓடிபி வர உங்கள் எண்ணில் ரோமிங் இயங்க வேண்டும், அதை வீட்டிலிருக்கும்போதே செய்துவிடுங்கள். இரண்டு அட்டை எடுத்துப் போங்கள், ஒன்று உங்களிடமும் ஒன்று உங்கள் மனைவியின் பையிலுமாக இருக்கட்டும்.

திரும்பி வந்ததும் வெளிநாட்டுப் பயன்பாட்டை அணைத்துவிடுங்கள். மிஞ்சிய நோட்டுகளில் 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை நீங்களே வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் இருந்தால் 180 நாளுக்குள் மாற்றிவிட வேண்டும். அடுத்த ஆண்டும் பேத்தியைப் பார்க்கப் போவீர்கள் என்றால் அந்த நோட்டுகளை விற்காதீர்கள். நாணயங்களை இங்கே வாங்க மாட்டார்கள். அவற்றை மகளிடமே கொடுத்துவிட்டு வாருங்கள்.