மெருகேற்றிய சைக்கிள் பாகங்கள் மங்காமல் இருக்க லாக்கர் அடிக்கலாமா?

பழைய ரேசிங் சைக்கிளின் அலுமினியக் கிராங்க் (பெடல் பொருத்தும் கை), ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடிக்கும் பாகம்), ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) ஆகியவற்றைப் பஃபிங் செய்து பளபளப்பாக்கிய பின், அது மங்காதிருக்கக் கிளியர் லாக்கர் (வார்னிஷ் போன்ற நிறமில்லாப் பூச்சு) அடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. காருக்குப் பூசும் கார்னாபா மெழுகே போதும்.

இத்தகைய பாகங்கள் பெரும்பாலும் அனோடைஸ் செய்யப்பட்டே ஆலையிலிருந்து வருகின்றன. மின்வேதி முறையில் வளர்த்த, சில மைக்ரான் தடிமனுள்ள அந்த ஆக்சைடு படலத்தைக் காஸ்டிக் சோடாவில் கரைத்தோ உப்புத்தாளால் தேய்த்தோ அகற்றிய பிறகுதான் மெருகு ஏறும். வெற்று அலுமினியம் காற்றுப் பட்டதும் மறுபடி ஒரு படலத்தைப் போர்த்திக்கொள்ளும் என்றாலும், அது மிக மெல்லியது; கடற்காற்றிலும் வியர்வையிலும் உள்ள உப்பு ஈரத்தோடு சேர்ந்து அதை ஊடுருவி, உலோகத்தில் நுண்குழிகளையும் வெள்ளைப் பூப்பையும் உண்டாக்கிவிடும்.

லாக்கர் இதைத் தடுக்கும்தான், கீறல் விழாத வரை. ஆனால் கிராங்கில் மிதிக்கும்போதெல்லாம் காலணி உரசும். அந்தக் கீறல் வழியே நுழையும் ஈரம் லாக்கருக்கு அடியில் நூல் நூலாகப் பரவும்போது, மேலிருந்து எவ்வளவு தேய்த்தாலும் பயன் இல்லை. தின்னர் போட்டு முழுவதையும் உரித்துவிட்டு, மெருகேற்றுவதை முதலிலிருந்து தொடங்க வேண்டும். மெழுகு தேய்ந்தாலோ, துடைத்துவிட்டு மீண்டும் பூசினால் முடிந்தது.

மெட்டல் பாலிஷின் எண்ணெய்ப் பசை இருந்தால் மெழுகு பிடிக்காது என்பதால், முதலில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள். பிறகு மெழுகை மெல்லியதாகப் பூசி, வெளிறிக் காய்ந்ததும் பழைய பனியன் துணியால் தேய்த்தெடுங்கள். தண்ணீர் முத்து முத்தாகத் திரளாமல் பரவத் தொடங்கினால் அடுத்த பூச்சுக்கு நேரமாகிவிட்டது. எங்கள் திருவான்மியூர்க் காற்றுக்கு மாதம் ஒருமுறை தேவைப்படுகிறது. பிரேக் கட்டை பிடிக்கும் ரிம் பரப்பிலும் டிஸ்க்கிலும் மட்டும் மெழுகு படவே கூடாது, பிரேக் பிடிக்காமல் போய்விடும். துணி துவைக்கும் பவுடரின் காரம் அலுமினியத்தை அரிக்கும் என்பதால் கழுவுவதற்குக் கார் ஷாம்பு நல்லது. தேங்காய் எண்ணெய் தடவச் சொல்பவர்கள் உண்டு. அதில் தெருப் புழுதி முழுவதும் வந்து ஒட்டும்.

ஹேண்டில்பார் குரோம் முலாம் பூசிய இரும்பாக இருந்தால் கதை வேறு. குரோம் ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிமன் கொண்டது. அதன் நுண்துளைகள் வழியேயும், அடியிலுள்ள நிக்கலைத் தாண்டியும் இரும்பின் துரு பழுப்புப் புள்ளிகளாக வெளியே வரும். அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் அவை போய்விடும். அந்தத் தாள் குரோமை விட மென்மையானது, கீறாது. தேய்த்த கையோடு மெழுகு பூசிவிடுங்கள்.

பித்தளை மணி இருந்தால் அதற்கு மட்டும் தாராளமாக லாக்கர் அடிக்கலாம், அதன் மேல் எதுவும் உரசுவதில்லை. புளி போட்டுத் துலக்கியிருந்தால் அதன் புளிப்பு நீங்க நன்றாகக் கழுவி, முற்றிலும் உலர்ந்த பிறகே அடியுங்கள். இல்லாவிட்டால் லாக்கருக்கு அடியிலேயே களிம்பு ஏறும்.