தேயிலைக்கு உரம்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: வருடா வருடம் யூரியாவைக் கூட்டிக்கொண்டே வருகிறேன். ஆரம்பத்தில் கொழுந்து நன்றாகக் கூடியது, இப்போது அப்படியே நின்றுவிட்டது. இன்னும் கூட்டலாமா?

கூட்டாதீர்கள். முதலில் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும் செடிதான். கார அமில நிலை (pH) 4.5 முதல் 5.5 வரை இருந்தால் அதற்குச் சௌகரியம். ஆனால் யூரியா, அம்மோனியம் சல்பேட் இரண்டுமே மண்ணில் நைட்ரேட்டாக மாறும்போது அமிலத்தை விடுகின்றன. இதில் அம்மோனியம் சல்பேட்டின் வேகம் அதிகம். பல வருடம் போட்டுக்கொண்டே இருந்தால் மண் 4-க்கும் கீழே இறங்கிவிடும். அப்புறம் கால்சியமும் மக்னீசியமும் மழையில் கரைந்து ஓடும், மணிச்சத்து (பாஸ்பரஸ்) இரும்போடும் அலுமினியத்தோடும் ஒட்டிக்கொண்டு வேருக்குக் கிடைக்காமல் போகும். அந்த நிலையில் தழைச்சத்தை (நைட்ரஜன்) மட்டும் எவ்வளவு கொட்டினாலும் செடி எடுத்துக்கொள்ளாது. உங்கள் தோட்டத்திலும் அதுதான் நடக்கிறது என்று சந்தேகிக்கிறேன்.

உரம் போட்ட சூட்டோடு மண் எடுக்காதீர்கள். அடுத்த தவணைக்கு முன்னால், பல இடங்களில் செடிக்கடியில் தோண்டி, கலந்து அனுப்புங்கள்.

கேள்வி: அப்படியானால் அளவை எப்படித்தான் முடிவு செய்வது?

பறித்த கொழுந்திலிருந்து தொடங்குங்கள். 1000 கிலோ தேயிலைத்தூளுக்குச் சுமார் 4500 கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அதோடு தோட்டத்தை விட்டுப் போகும் தழைச்சத்து மட்டும் ஏறக்குறைய 40 கிலோ, சாம்பல்சத்து (பொட்டாஷ்) அதில் பாதி. மணிச்சத்து இன்னும் குறைவு. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. கணக்குப்படி 87 கிலோ யூரியா. போட்டதில் ஒரு பகுதி காற்றிலும் மழையிலும் போய்விடும் என்பதால் இதைவிடக் கூடுதலாகத்தான் தேவைப்படும். எவ்வளவு கூடுதல் என்பதை மண்ணும் மழையும் சொல்லும்; பக்கத்துத் தோட்டக்காரரின் அளவு உங்களுக்குப் பொருந்தாது.

கேள்வி: மண்ணின் புளிப்பைக் குறைக்கும் டோலமைட்டையும் (ஒருவகைச் சுண்ணாம்புக் கல்தூள்) உரத்தையும் ஒரே நாளில் போட்டால் ஆள்கூலி மிச்சமாகுமே?

ஆள்கூலி மிச்சம், உரம் நஷ்டம். ஒரு பிடி அம்மோனியம் சல்பேட்டோடு சுண்ணாம்பைச் சேர்த்து நனைத்துப் பாருங்கள், மூக்கைத் துளைக்கிற நெடி வரும். அது உங்கள் காசு, அம்மோனியாவாகப் பறக்கிறது. டோலமைட் அவ்வளவு வேகமாக வினைபுரியாது, ஆனாலும் இழப்பு உண்டு. டோலமைட்டை முதலில் போட்டு, நல்ல மழை பெய்து, ஒரு மாதத்துக்கு மேல் விட்டு உரத்துக்குப் போங்கள். கவாத்து வருடம்தான், அதாவது செடியை வெட்டிக் குறைக்கிற வருடம்தான், அதற்கு ஏற்ற சமயம்; மண் திறந்து கிடக்கும். பரிசோதனையில் 4.5-க்கு மேல் வந்தால் டோலமைட்டே வேண்டாம். மண்ணை நடுநிலைக்குக் கொண்டுபோனால் தேயிலை வாடிவிடும்.

கேள்வி: ஐயா, இலை மஞ்சளாகிறது. என்ன உரம் குறைவு?

எந்த இலை என்று பாருங்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது. முதிர்ந்த இலையில் ஓரம் மஞ்சளாகி, நடுநரம்பை ஒட்டித் தலைகீழான ‘வி’ வடிவத்தில் பச்சை மிஞ்சியிருந்தால் மக்னீசியம் குறைவு. இளம் இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் கந்தகத்தைச் சந்தேகிக்கலாம். யூரியா மட்டுமே போடுகிற தோட்டத்தில் இது வரும், ஏனென்றால் யூரியாவில் கந்தகம் இல்லை. அம்மோனியம் சல்பேட்டில் 24 சதவீதம் இருக்கிறது. இலை சிறுத்து, அரிவாள்போல் வளைந்து, கணுக்கள் நெருங்கிக் கொத்தாக நின்றால் துத்தநாகம். அதை மண்ணில் போடுவதைவிட துத்தநாக சல்பேட்டாக இலைவழி தெளிப்பதே பலன் தரும். செடி முழுக்க வெளிறி, வளர்ச்சியும் மந்தமாக இருந்தால்தான் தழைச்சத்துப் பக்கம் போக வேண்டும். இதில்தான் நிறையப் பேர் அவசரப்பட்டு யூரியா மூட்டையைப் பிரித்துவிடுகிறார்கள்.

கேள்வி: உரம் கூடினால் தேநீரின் ருசி கெடுமா?

கருந்தேநீரில் கெடும். தழைச்சத்து மிஞ்சினால் பாலிபீனால்கள் குறையும், சாற்றின் நிறமும் துடிப்பும் மங்கும். பச்சைத் தேயிலைக்கு விஷயம் வேறு: அமினோ அமிலங்கள் கூடி ருசி மெருகேறும் என்பதால் அங்கே தழைச்சத்தைத் தாராளமாகவே போடுகிறார்கள். அதற்கும் விலை உண்டு. செடி எடுக்காத நைட்ரேட் நிலத்தடி நீரில் இறங்குகிறது, ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாகக் காற்றில் கலக்கிறது. குடிக்கிற தண்ணீரில் நைட்ரேட் சேருவதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. மொத்த அளவை நாலைந்து தவணையாகப் பிரித்துப் போட்டாலே இந்த இழப்பு நன்றாகக் குறையும்.

கேள்வி: இந்த வருடமே ரசாயனத்தை நிறுத்திவிட்டு முழுக்க இயற்கைக்கு மாறலாமா?

ஆசை நியாயமானது, ஆனால் ஒரே வருடத்தில் வேண்டாம். மட்கு உரத்தில் தழைச்சத்து 1 முதல் 1.5 சதவீதம் இருந்தாலே நல்ல சரக்கு. 100 கிலோ தழைச்சத்துக்கு ஏழு முதல் பத்து டன் சுமக்க வேண்டும், அதிலும் எல்லாம் உடனே கிடைக்காது. திடீரென்று நிறுத்தினால் விளைச்சல் விழும். கவாத்துக் கழிவை விறகுக்குக் கொடுக்காமல் தோட்டத்திலேயே பரப்புவதில் தொடங்குங்கள். சாம்பல்சத்து அதில் கணிசமாக இருக்கிறது.

கேள்வி: கவாத்து முடிந்த கையோடு உரம் போடலாமா?

வேண்டாம். இலையில்லாத செடி அதிகம் எடுக்காது. புதுத் துளிர் வரட்டும். அப்போது தழைச்சத்துக்குச் சமமாகவாவது பொட்டாஷ் இருக்கட்டும்.

கேள்வி: தூரில் போடுவதா, பரவலாகப் போடுவதா?

தூரில் குவித்தால் பட்டை வெந்துவிடும். உணவெடுக்கும் வேர்கள் செடியின் விரிவுக்கடியில், மேல்மண்ணில்தான் இருக்கின்றன. களை எடுத்துவிட்டு, மண் ஈரமாக இருக்கும்போது அங்கே தூவுங்கள். பெருமழை வரும் போலிருந்தால் அன்று தள்ளிப்போடுங்கள்.