கண்ணு நல்லாருக்கு, ஆனா புள்ள பாக்கல: சிவிஐ குழந்தைங்களுக்கு இன்சூரன்ஸ் கேள்வி பதில்

பாண்டியில ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க்ல ரொம்ப வருஷம் க்ளெய்ம் பாத்தவ நான். கார்ட்டிகல் விஷுவல் இம்பேர்மெண்ட், சுருக்கமா சிவிஐ, அதாவது கண்ணுல கோளாறு இல்லாம மூளைல பார்வைக்கான இடம் அடிபட்டு வர்ற பிரச்சனை. அந்தப் புள்ளைங்களோட க்ளெய்ம் பத்தி கேளுங்க. வைத்தியம் கேக்காதீங்க, அத டாக்டர்தான் சொல்லணும்.

நெல்லிக்குப்பம் அம்மா: அக்கா, பையனுக்கு 2 வயசு. பொறந்ததும் அழல, என்ஐசியூல, அதான் பச்சக் கொழந்தைங்களுக்கான ஐசியூல வெச்சிருந்தாங்க. சுத்துற ஃபேன பாக்குறான், செவப்பு பந்து காட்டினா திரும்புறான், என் மூஞ்சிய மட்டும் பாக்க மாட்டேங்குறான். தவளக்குப்பம் அரவிந்த்ல காட்டினோம், கண்ணு நல்லாருக்கு, மூளை சம்பந்தப்பட்டதுன்னாங்க. போன மாசம் ஃபிட்ஸ் வந்து வேற ஆஸ்பத்திரில அட்மிட் பண்ணி எம்ஆர்ஐ எடுத்தாங்க. இன்சூரன்ஸ்காரங்க பிறவிக் குறைபாடுன்னு மொத்தமா ரிஜெக்ட் பண்ணிட்டாங்க.

அம்மா, இதுக்கு முழுசா எழுதுறேன், ஏன்னா பாதிப் பேரு இங்கதான் மாட்டுறாங்க. பிறவிக் குறைபாடுன்னா என்னன்னு இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ தெளிவா சொல்லிருக்கு, பொறக்கும்போதே உருவத்துலயோ அமைப்புலயோ இருக்குற எடத்துலயோ இயல்புக்கு மாறா இருக்கணும், அதுலயும் வெளிய கண்ணுக்குத் தெரியுற குறை வேற, உள்ளுக்குள்ள இருக்குறது வேற, பாலிசிங்க பொதுவா விலக்கி வெக்கிறது வெளிய தெரியுறதத்தான். உங்க பையனுக்கு நடந்தது பொறக்குற நேரத்துல ஆக்சிஜன் கொறஞ்சு நல்லா இருந்த மூளை அடிபட்டது. இது பிறவிக் குறைபாடே கெடையாது, அப்படியே வெச்சுக்கிட்டாலும் மூளை உள்ளதான இருக்கு!

டிஸ்சார்ஜ் சம்மரிய எடுத்துப் பாருங்க, "பிறந்ததிலிருந்து பார்வை சரியில்லை"ங்குற மாதிரி இங்கிலீஷ்ல ஒரு வரி இருக்கும். டூட்டி டாக்டர் அவசரத்துல எழுதுறது, டிபிஏல, அதாவது கம்பெனிக்காக க்ளெய்ம் பாக்குற ஏஜென்சில உக்காந்திருக்குறவரு அந்த ஒத்த வரியப் புடிச்சுக்குவாரு. நியூரோ டாக்டர்கிட்ட போயி உள்ளத உள்ளபடி லெட்டர் வாங்குங்க: பிறப்பின்போது மூச்சுத்திணறல், அதனால மூளை பாதிப்பு, அதனால ஃபிட்ஸும் சிவிஐயும், அட்மிட் பண்ணது ஃபிட்ஸுக்காக, எம்ஆர்ஐ அந்த ட்ரீட்மெண்டோட பகுதி. கடைசி வரி ரொம்ப முக்கியம். அது இல்லன்னா அடுத்ததா "டெஸ்ட் எடுக்க மட்டும் அட்மிட் ஆனீங்க"ன்னு எக்ஸ்க்ளூஷன் 04, அதாவது பாலிசில இதுக்கெல்லாம் காசு கெடையாதுன்னு இருக்குற விலக்கு விதில ஒண்ணு, அதப் போட்டு திருப்பி அனுப்புவாங்க.

க்ளெய்ம்ல போட்ட நோய்க் கோடையும் பாருங்க. பார்வைக்கான மூளைப் பகுதிக் கோளாறுக்கு ஹெச் 47.6. கண்ணாடி பவர் பிரச்சனைக்கு ஹெச் 52. கண்ணுன்னு பாத்ததும் பழக்க தோஷத்துல 52 போட்டுட்டா அது நேரா எக்ஸ்க்ளூஷன் 15, பவர் 7.5க்கு கீழ இருந்தா கெடையாதுங்குற விதி, அதுல போயி விழுந்துடும்.

இன்னொண்ணு, பையன் பேர பாலிசில எப்ப சேத்தீங்க? என்ஐசியூக்கு அப்புறம்னா, முன்னாடியே இருந்த நோய்னு சொல்லி அதிகபட்சம் 3 வருஷம் காத்திருக்க வைக்க அவங்களுக்கு உரிமை இருக்கு. ஆனா அப்படின்னா அந்தக் காரணத்தத்தான் எழுதணும், பிறவிக் குறைபாடுன்னு எழுதக்கூடாது. லெட்டரோட கம்பெனி குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்புங்க. ஒரு மாசத்துல பதில் வரல, இல்ல வந்த பதில் சரியில்லன்னா இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேன்கிட்ட, அதாவது இன்சூரன்ஸ் புகார விசாரிக்குற நடுவர்கிட்ட போங்க. ஃபீஸ் கெடையாது, வக்கீலும் வேணாம், கம்பெனி கடைசியா முடியாதுன்ன நாள்லேர்ந்து 1 வருஷத்துக்குள்ள போகணும்.

வில்லியனூர் அப்பா: கண்ணாடிக்கு கெடைக்குமா?

சாதாரண பாலிசில கெடையாது.

பண்ருட்டி: வாராவாரம் பார்வைப் பயிற்சி, பிசியோ, ஓடி (அன்றாட வேலை பழக்குற தெரபி) எல்லாத்துக்கும் கைக்காசுதான் போவுது. மெடிக்ளெய்ம்ல போட முடியுமா?

தனியார் பாலிசிங்க பெரும்பாலும் பெட்ல படுத்தாதான் காசு குடுக்கும், அட்மிட் ஆகாம ஓபில எடுக்குற தெரபிக்குக் குடுக்காது. அதுக்காக அவங்களோட மல்லுக்கட்டி வருஷத்த வீணாக்காதீங்க. மத்திய அரசோட நேஷனல் ட்ரஸ்ட் நடத்துற நிராமயா இன்சூரன்ஸ் திட்டத்துக்குப் போங்க. வருஷத்துக்கு 1 லட்சம் வரைக்கும், ஓபி, மருந்து, டெஸ்ட், தெரபி எல்லாம் உள்ள வரும், ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி வரம்பு உண்டு. முன்னாடியே இருந்த நோயின்னு தள்ள மாட்டாங்க, மெடிக்கல் டெஸ்டும் கெடையாது. சேர 500 ரூபா, வறுமைக்கோட்டுக்குக் கீழன்னா 250. கேஷ்லெஸ் இல்ல, பில்லக் கட்டிட்டு அப்புறம் வாங்கிக்கணும், அதனால தெரபி சென்டர்ல துண்டுச் சீட்டு குடுத்தா வாங்காதீங்க, தேதி, பேரு, சீலோட ரசீது கேளுங்க.

ஆனா கவனிங்க, நிராமயா 4 வகைக்குத்தான்: ஆட்டிசம், செரிப்ரல் பால்சி, அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம். சிவிஐ மட்டும்னு ஊனச் சர்ட்டிஃபிகேட் இருந்தா சேத்துக்க மாட்டாங்க. நம்ம புள்ளைங்க நெறைய பேருக்கு செரிப்ரல் பால்சியும் சேந்தே இருக்கும், ஆனா மெடிக்கல் போர்டுல கண்ண மட்டும் பாத்து எழுதி அனுப்பிடுவாங்க. ரெண்டையும் பாத்து ரெண்டையும் பதியச் சொல்லிக் கேளுங்க.

இதுக்கு நடுவுல மாவட்ட ஆஸ்பத்திரி டிஇஐசிய, அதாவது புள்ளைங்களோட குறைய சீக்கிரமே கண்டுபுடிச்சு பாக்குற மையத்த விட்றாதீங்க, 18 வயசு வரைக்கும் இலவசம்.

சிப்காட்ல வேலை: எனக்கு இஎஸ்ஐ புடிக்கிறாங்க. அத வெச்சு என்ன ஆவப்போவுதுன்னு தனியா 5 லட்சத்துக்கு பாலிசி எடுக்கலாம்னு இருக்கேன்.

தம்பி, கையில இருக்குறத மொதல்ல பாருங்க! இஎஸ்ஐல புள்ளைக்கு ஓபியும் உண்டு, செலவுக்கு உச்சவரம்பு கெடையாது, பழைய நோயின்னு காத்திருக்கவும் வேணாம். டிஸ்பென்சரிலேர்ந்து ரெஃபரல் வாங்கிப் போகணும், அலையணும்தான், நேராப் போயிட்டு அப்புறம் பில்லு நீட்டினா கஷ்டம். மாசச் சம்பளம் 21,000 தாண்டினா கொஞ்ச நாள்ல இஎஸ்ஐ நின்னுடும், தனி பாலிசிய அதுக்கு முன்னாடியே எடுத்து வெச்சா காத்திருப்புக் காலம் இப்பலேர்ந்தே ஓடும்.

ரெட்டிச்சாவடி: எங்களுக்கு ஆதார் கடலூர், பொழப்பு பாண்டி. எந்த கார்டு வாங்கணும்?

ரேஷன் கார்டு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். தமிழ்நாட்டு கார்டுன்னா முதலமைச்சர் காப்பீடு, வருஷ வருமானம் 1,20,000க்குள்ள, விஏஓகிட்ட வருமானச் சான்று வாங்கிட்டு மஞ்சக்குப்பம் கலெக்டர் ஆபீஸ் போங்க. பாண்டிக்காரங்களுக்கு ஆயுஷ்மான் பாரத். ரெண்டும் பெரும்பாலும் அட்மிஷனுக்குத்தான்.

கடலூர் ஏஜெண்ட்: மேடம், எதுக்கு இவ்ளோ சுத்துறீங்க. புள்ளைய ஒரு நாள் அட்மிட் போட்டா எம்ஆர்ஐ, விஇபி (பார்வை சிக்னல் மூளைக்குப் போகுதான்னு பாக்குற டெஸ்ட்), கன்சல்டேஷன் எல்லாம் க்ளெய்ம்ல வந்துரும். என் பார்ட்டிங்களுக்கு இப்படித்தான் பண்ணிக் குடுக்குறேன்.

சார், நல்லா இருக்குற புள்ளைக்கு ஊசி ஏத்தி பெட்ல படுக்க வைக்கச் சொல்றீங்க. டிபிஏ கேஸ் ஷீட் கேப்பாங்க. அதுல நர்ஸ் சார்ட்ல என்ன இருக்கும்? காய்ச்சல் இல்ல, மருந்து இல்ல, எம்ஆர்ஐக்குப் போனான், வந்தான், சாப்ட்டான். அப்படியே எக்ஸ்க்ளூஷன் 04. இல்லாத ஃபிட்ஸ இருக்குன்னு எழுதி வாங்கினா அது மோசடி, பாலிசியே போயிடும்.

கடலூர் ஏஜெண்ட்: ஊருல எல்லாரும் பண்றதுதான மேடம்.

திருப்பாதிரிப்புலியூர் அப்பா: அக்கா, அவரு சொல்றதுலயும் நியாயம் இருக்கு. எம்ஆர்ஐக்கு மயக்க மருந்தோட எவ்ளோ ஆவுதுன்னு தெரியும்ல. நேர்மையா இருந்தா எங்களுக்கு யாரு குடுக்குறா?

அண்ணா, உங்க கோவம் நியாயம். மூளைல அடிபட்ட புள்ளைக்கு எம்ஆர்ஐ ஆடம்பரமா, அதுக்கு ஏன் பெட்டு வேணும்னு நானும்தான் கேக்குறேன், ஓபிலயே குடுக்கணும், இந்த விதி மாறணும். ஆனா இன்னிக்கு பொய் எழுதி மாட்டினா அடிபடுறது ஏஜெண்ட் இல்ல, புள்ளைதான். பாலிசி ரத்தானா அதுவரைக்கும் ஓடின காத்திருப்புக் காலம் போச்சு, இப்படிப்பட்ட புள்ளைக்கு புதுசா யாரு பாலிசி குடுப்பா? நாளைக்கு நெஜமாவே ஃபிட்ஸ் நிக்காம ஐசியூல கெடந்தா அப்ப கார்டு இருக்காது. நேர்வழியும் இருக்கு. நெஜமான அட்மிஷன் ஒண்ணு வந்தா, அதே நோய்க்கு முன்னாடி 30 நாள், பின்னாடி 60 நாள் ஆன டெஸ்ட், மருந்து, கன்சல்டேஷன் எல்லாம் நெறைய பாலிசில உண்டு, அந்த பில்லுங்கள யாரும் அனுப்புறதே இல்ல. எம்ஆர்ஐ மட்டும்தான்னா கோரிமேடு ஜிப்மர்ல முயற்சி பண்ணுங்க.

கடலூர் ஏஜெண்ட்: நீங்க ரொம்ப பயமுறுத்துறீங்க.

ஆமா சார், பயப்படணும். இதுக்கு மேல இதப் பேசல.

அரியாங்குப்பம்: தெரபிக்கு மெடிக்ளெய்ம் குடுப்பாங்களா?

பண்ருட்டிக்கு எழுதினதப் படிங்க.

குறிஞ்சிப்பாடி: மாறுகண் ஆபரேஷன அழகுக்குப் பண்றதுன்னு ரிஜெக்ட் பண்ணிட்டாங்க.

பார்வைக்காகப் பண்ணதுன்னு டாக்டர் லெட்டரும் ஆபரேஷனுக்கு முந்தின பார்வை ரிப்போர்ட்டும் வெச்சு எதுத்து எழுதுங்க. விடாதீங்க.

பாகூர்: ஸ்டெம் செல் போட்டா பார்வை வந்துடும்னு ஒரு எடத்துல சொல்றாங்க, இன்சூரன்ஸ் வருமா?

வராது, நிரூபிக்கப்படாத சிகிச்சைன்னு எக்ஸ்க்ளூஷன் 16. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆரோட வழிகாட்டுதல்படி மூளை பாதிப்புக்கு ஸ்டெம் செல்ல ஆராய்ச்சிக்கு வெளிய வியாபாரமா போடவே கூடாது. நகைய அடகு வெச்சு அங்க போகாதீங்க அம்மா.

நெய்வேலி: புது பாலிசி எடுக்குறோம், ஃபார்ம்ல புள்ளைக்கு சிவிஐன்னு போடாம விட்டா 5 வருஷம் கழிச்சு கேக்க மாட்டாங்களாமே?

நீங்க சொல்ற அந்த 5 வருஷ, அதாவது 60 மாச விதி மோசடிக்குப் பொருந்தாது. மறைக்காதீங்க. இதுக்கு முன்னாடியும் சொன்னேன், இன்னும் நூறு பேரு கேட்டாலும் இதேதான் சொல்வேன்.

கடலூர் முதுநகர்: தெரபி பில்லு எங்க குடுக்கணும்?

நிராமயா. மேல இருக்கு.

காரைக்கால்: அக்கா, ஓம்புட்ஸ்மேன் எங்களுக்கு பாண்டியிலயா?

பாண்டில ஆபீஸ் கெடையாது. கடலூர், பாண்டி, காரைக்கால் மூணுக்கும் சென்னைதான். மாஹேன்னா கொச்சி, ஏனாம்னா ஹைதராபாத். ஆன்லைன்லயும் குடுக்கலாம். ரிஜெக்ட் லெட்டரு, நீங்க கம்பெனிக்கு அனுப்பின புகாரு, அவங்க பதிலு மூணையும் சேத்து வைங்க.