நிலாவிலிருந்து தொடங்குங்கள்

அன்புள்ள ஐயா,

தருமபுரி பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இரவு வானத்தைக் காட்ட ஆசை. டெலஸ்கோப் வாங்க முன்னாள் மாணவர்கள் பணம் தருவதாகச் சொல்கிறார்கள். எதை வாங்கலாம், எதிலிருந்து தொடங்கலாம்?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

டெலஸ்கோப்பை ஓராண்டு தள்ளிப்போடுங்கள். இப்போதே வாங்கினால், பிள்ளைகள் வரிசையில் நின்று சனியின் வளையத்தைப் பார்த்து வியந்துவிட்டுப் போய்விடுவார்கள். வானம் நகர்வதை அவர்கள் கவனித்திருக்கவே மாட்டார்கள்.

முதலில் வேண்டியது தினசரி காலண்டர். அன்றைய நட்சத்திரம் எது, எத்தனை மணிவரை என்று அதில் போட்டிருக்கும். நிலா அப்போது வானத்தின் எந்தப் பகுதியில் நிற்கிறது என்பதுதான் அந்தக் குறிப்பு. விண்மீன்களுக்கிடையே நிலா ஒரு சுற்று வர 27.3 நாள் ஆகிறது. 27 நட்சத்திரங்கள் அப்படி வந்தவை. ஜாதகப் பலனை நான் நம்புவதில்லை. ஆனால் இந்த வானக்கணக்கு உண்மையானது, அதை விட்டுவிடக் கூடாது. தன் நட்சத்திரம் எது என்று கேட்டால் பல பிள்ளைகள் சட்டென்று சொல்வார்கள். அது வானில் எங்கே இருக்கிறது என்று வீட்டுப் பெரியவர்களுக்கே தெரியாது.

தை மாதத்தில் தொடங்குங்கள், மேகம் குறைவு. பொங்கலையொட்டி இரவு எட்டு மணிக்குக் கார்த்திகைக் கூட்டம் கிட்டத்தட்ட உச்சியில் இருக்கும். அதற்குக் கிழக்கே செந்நிறத்தில் ரோகிணி. இன்னும் கிழக்கே வரிசையாக மூன்று விண்மீன்கள், அவற்றுக்குப் பக்கத்தில் சிவந்த திருவாதிரை. இவ்வளவு போதும். வளர்பிறையில் காலண்டர் கார்த்திகை என்று சொல்லும் இரவில் நிலா எங்கே என்று நோட்டில் வரையச் சொல்லுங்கள். நிலவொளியில் கார்த்திகை மங்கினாலும் ரோகிணி தெரியும். பிறகு, "நாளை இதே நேரம் நிலா எங்கே இருக்கும்?" என்று கேளுங்கள். விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள், தயவுசெய்து. கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் வானில் சுமார் 10 பாகை. நிலா ஒரு நாளில் கிழக்கே நகர்வது ஏறக்குறைய 13 பாகை. மறுநாள் தாங்களே அளந்து கண்டுபிடிக்கட்டும்.

டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொள்ளுங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது வேண்டும்.

அடுத்த தையில் அந்தப் பணத்துக்கு நல்ல பைனாகுலர்கள் சில வாங்குங்கள். ஆடாமல் பிடித்தால் வியாழனின் நிலாக்களே தெரியும். ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகமும் உங்களுக்குப் பக்கம்தான், 2.3 மீட்டர் ஆடி கொண்ட டெலஸ்கோப் 1986 முதல் அங்கே இருக்கிறது. முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள்.